பொட்டு வைத்த துப்பாக்கி

"சீர்திருத்தம் பேசும் வாய்க்குச் சிப்பாய்த் தொப்பி எதற்கு?" என்று கேட்கின்றனர் என் தோழர்கள். மாலைதோறும் படிப்பகத்தில் கூடுகிறவர்கள். சாதி ஒழிப்பு முதல் சந்திரப் பயணம் வரை சலிக்காமல் பேசுகிறவர்கள். அவர்களுள் ஒருவர், "துப்பாக்கியைத் தொட்டவன் பகுத்தறிவை விட்டவன்" என்று தீர்ப்பே வழங்கிவிட்டார். அவருக்கு நான் சொல்லும் மறுமொழி இதுதான்: பகுத்தறிவில்லாதவன் கையில் இருக்கக்கூடாத பொருள்கள் எவை எவை என்று பட்டியல் எழுதுங்கள், தோழரே! முதல் வரியில் நீங்கள் எழுத வேண்டிய பெயர் துப்பாக்கி!

நான் உயர்நிலைப் பள்ளியொன்றில் வரலாறு கற்பிப்பவன். கலைக்கல்லூரி தந்தது ஒரு பட்டம். பள்ளி தந்ததோ இரண்டு பொறுப்புகள். ஒன்று வகுப்பறை. மற்றொன்று தேசிய மாணவர் படையின் பள்ளிப் பிரிவு. அந்தப் பொறுப்பை ஏற்க மூத்தவர்கள் முன்வரவில்லை. இளையவன் என்பதால் என் தலையில் வந்து விழுந்தது. பயிற்சிக்குச் சென்றேன்; 'தேர்டு ஆபீசர்' என்ற பெயரோடு திரும்பினேன். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த இந்தப் படையில் சேரும் பிள்ளைகள் எவர்? சீருடை கிடைக்கும், சிற்றுண்டி கிடைக்கும், நாளை காவல்துறையிலோ இராணுவத்திலோ ஒரு வேலைக்கு அது படிக்கட்டாகும் என்று எண்ணி வரும் ஏழை வீட்டுப் பிள்ளைகளே மிகுதி. நெசவாளி மகன், கொத்தனார் மகள், கூலிக்காரர் பேரன். அந்தப் பிள்ளைகளின் கையில் துப்பாக்கியைக் கொடுக்கிறோம். கொடுக்கிற நாம் என்ன சொல்லிக் கொடுக்கிறோம் என்பதே என் கவலை.

அவர்கள் கையாள்வது 22 என்று வழங்கப்படும் சிறு துப்பாக்கி. ஓர் அங்குலத்தை நூறு கூறாக்கினால் அதில் 22 கூறு, அதன் தோட்டாவின் பருமன். "இது சின்னதுதானே!" என்று சிரிக்கிறவர்களும் உண்டு. அந்தச் சின்னத் தோட்டா, தடுக்க எதுவும் இல்லையெனில் ஒரு கிலோமீட்டரையும் தாண்டிப் பாயும். பிள்ளைகள் குறிபார்க்கும் அட்டையோ 25 மீட்டர் தொலைவில் நிற்கிறது. அட்டைக்குப் பின்னே மண்மேடு ஏன் என்று இதைக் கேட்ட பிறகுதான் பலருக்கு விளங்குகிறது.

சென்ற ஆண்டு ஆயுத பூசை நாளில் துப்பாக்கிகள் வைத்திருக்கும் கொட்டடிக்குப் போயிருந்தேன். எந்த ஊர்க் கொட்டடி என்பது இங்கே வேண்டா. எல்லா ஊரிலும் ஏறத்தாழ இதே காட்சிதான். வரிசையாக நிறுத்தப்பட்ட துப்பாக்கிகள். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், சந்தனத்தின்மேல் குங்குமம், கழுத்தில் சாமந்திப் பூமாலை. கற்பூரம் எரிந்தது, தேங்காய் உடைந்தது, பொரிகடலை பறந்தது. அடுத்தடுத்து விடுமுறை. கதவைப் பூட்டிக்கொண்டு அனைவரும் வீடு சென்றனர்.

மூன்றாம் நாள் கதவு திறந்தபோது, பூமாலை வாடியிருந்தது. அதை எடுத்தோம். மாலை கிடந்த இடத்தில், குழலின்மேல், மாலையின் வளைவு அப்படியே செம்மண் நிறத்தில் பதிந்திருந்தது. துரு! ஈரப்பூ இரண்டு நாள் இரும்பின்மேல் கிடந்தால் வேறென்ன விளையும்? குறிபார்க்கும் துளை ஒன்றில் சந்தனம் காய்ந்து கெட்டித்து அடைத்துக்கொண்டிருந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தீக்குச்சியால் அதைச் சுரண்டிக்கொண்டே, "ஐயா, கும்பிட்டதற்குக் கூலியா இது?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அருகிலிருந்த அவில்தாருக்கும் வந்தது.

அந்த அவில்தாரைப்பற்றி ஒரு சொல். பக்தர்; நெற்றியில் நீறு இல்லாமல் அவரை நான் கண்டதில்லை. ஆனால் அன்று அவர் சொன்னார்: "சாமி கும்பிடுவது என் மனசுக்கு ஐயா, எண்ணெய் போடுவது துப்பாக்கிக்கு. ஒன்றைச் செய்துவிட்டு இன்னொன்றை விட்டால் அடி வாங்குவது நான்தான், சாமியல்ல." அவரோடு எனக்கு வழக்கில்லை. துடைக்கத் தெரிந்தவர் அவர். பொட்டிட்டதோடு கடமை முடிந்தது என்று கையைக் கழுவிக்கொண்டு போகிறவர்களோடுதான் என் வழக்கு.

இந்த இடத்தில் தமிழ் படித்தவர்களுக்குப் புறநானூற்றின் 95ஆம் பாட்டு நினைவுக்கு வரும். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவைக்கு, அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அங்கே மயிலிறகும் மாலையும் அணிந்து, நெய்ப்பூச்சோடு மினுமினுத்தன கருவிகள். எங்கள் மன்னனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று பாராட்டுவதுபோல் பழிக்கிறாள் ஔவை. போர் கண்டவன் எவன், காணாதவன் எவன் என்பதைக் குத்திக்காட்டும் நயத்தை நாம் வியக்கிறோம். வியக்கத்தான் வேண்டும். ஆயினும் துப்பாக்கி துடைக்கக் கற்ற பிறகு அந்தப் பாட்டைப் படித்தால் எனக்கு வேறோர் எண்ணமும் எழுகிறது. தொண்டைமானின் கொட்டிலில் நெய் பூசினானே ஒரு பணியாள், அவன் செய்தது தவறில்லை! மயிலிறகு அலங்காரம்; நெய் பாதுகாப்பு. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இரும்புக்கு எண்ணெய்ப்பசை தேவை என்று தெரிந்த இனம், இன்று அதற்குக் குங்குமம் போதும் என்று எண்ணலாமா?

துரு ஏன் பிடிக்கிறது என்பதை நான் மாணவர்களுக்கு உப்பிலிருந்து தொடங்கிச் சொல்லுகிறேன். ஐப்பசி அடைமழையில் சமையலறை உப்புச் சாடியைத் திறந்து பாருங்கள்; உப்பு நசநசத்துக் கிடக்கும். காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்கிறது. இனி, த்ரீ நாட் த்ரீ என்று நம் ஊர்க் காவலர் கையில் நெடுங்காலம் இருந்ததே, அந்த லீ என்ஃபீல்டு துப்பாக்கியை எண்ணுங்கள். முதல் உலகப் போரில் இந்தியச் சிப்பாய் தூக்கிச் சென்றது அந்த இனந்தான். 1962இல் சீனப் படையை எதிர்த்து இமயத்தில் நின்றவர்கள் கையில் இருந்ததும் அந்த இனந்தான். அதன் பழைய தோட்டாவின் அடியில், ஊசி குத்தியதும் பொறி கிளப்பும் ஒரு கேப்பு உண்டு. அதில் பொட்டாசியம் குளோரேட்டு கலந்திருக்கும். வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலெங்கும் படியும். பெயர்தான் பெரிது, நம் சமையல் உப்பின் உடன்பிறப்பு அது! சுட்டு முடித்த குழல், உட்புறம் உப்புத் தடவிய குழல். இரவுப் பனியில் ஈரம் இழுக்கும்; விடியுமுன் துரு தொடங்கும்.

"எண்ணெய் போட்டால் போகாதா?" என்று கேட்கிறார்கள் பிள்ளைகள். போகாது. உப்பை எண்ணெயில் போட்டுக் கலக்கிப் பாருங்கள்; கரைகிறதா? எண்ணெய்க்கு அடியில் உப்பு சுகமாக உட்கார்ந்துகொண்டு இரும்பைத் தின்னும். நீரில் போட்டால் நொடியில் கரையும். ஆகவேதான் அந்நாளைய சிப்பாய், துப்பாக்கியின் பின்வாயில் ஒரு புனல் வைத்துக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினான். நீர் உப்பைக் கரைத்தது. சூடேறிய குழல் தன் ஈரத்தைத் தானே உலர்த்திக்கொண்டது. பிறகு உலர்ந்த துணி. அதற்குப் பின்புதான் எண்ணெய். இரும்புக்குப் பகை நீர் என்று எவரும் சொல்வர். பகைவனையே தூது விட்டு உப்பை விரட்டிய அறிவைப் பாருங்கள்! பின்னாளில் குளோரேட்டு இல்லாத கேப்புகள் வந்தன. வெந்நீர் வேலை குறைந்தது. துணியும் எண்ணெயும் குறையவில்லை.

துணியைக் குழலுக்குள் செலுத்தவும் ஒரு முறை உண்டு. 'புல்-த்ரூ' என்பது ஒரு கயிறு. ஒரு முனையில் பித்தளைக் குண்டு, மறுமுனையில் துணி கோக்கும் கண்ணி. லீ என்ஃபீல்டின் அடிக்கட்டைக்குள் ஒரு சிறு அறை. அதற்குள் இந்தக் கயிறும் ஓர் எண்ணெய்ச் சிமிழும் குடியிருக்கும். நாங்கள் துணியைச் 'சிந்தி' என்கிறோம். இராணுவத்தில் வழங்கும் சொல். துடைக்க 4 அங்குலத்துக்கு 2 அங்குலம். எண்ணெய் பூச அதைவிட அகலம் குறைந்த துண்டு. பித்தளைக் குண்டைப் பின்வாயிலில் விட்டு முன்வாயிலில் இழுக்க வேண்டும். ஏன்? குழலின் முன்விளிம்புதான் தோட்டாவைக் கடைசியாகத் தொட்டு அனுப்புகிற இடம். அங்கே கீறல் விழுந்தால் குறி தவறும். இழுக்கும்போதும் நேராக இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் நாளடைவில் கயிறே எஃகை அறுத்துவிடும். கிணற்றடிக் கல்லில் கயிறு தேய்த்த பள்ளத்தைக் கண்ட நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க இரண்டாம் சொல் தேவைப்படவில்லை.

எண்ணெயும் அளவோடுதான். மிகுந்தால் தூசியைச் சேர்த்துக்கொண்டு பசையாகும். சுடப்போகுமுன் குழலினுள் இருக்கும் எண்ணெயைத் துடைத்தெடுத்துவிட வேண்டும்.

இவ்வளவும் கேட்ட ஒரு தோழர், "பூசை செய்யும் நாட்டில் துரு பிடிக்கிறது, விஞ்ஞானம் வளர்ந்த நாட்டில் இப்படியா?" என்றார். அங்கும் பிடித்தது, தோழரே! நம்மைவிடக் கொடுமையாகப் பிடித்தது. பொட்டும் பூவும் இல்லாத மூடநம்பிக்கை ஒன்று உண்டு. அது கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும். அந்தக் கதையைத்தான் நான் மாணவர்களுக்கு விரிவாகச் சொல்லுகிறேன்.

வியத்நாம் போர். வல்லரசான அமெரிக்கா தன் காலாட்படையின் கையில் எம்-16 என்ற புதிய துப்பாக்கியைக் கொடுத்தது. யூஜின் ஸ்டோனர் என்பாரின் வடிவமைப்பிலிருந்து வந்தது, இலேசானது, விரைவானது. 1965இல் அது வியத்நாமுக்குப் பெருமளவில் போகத் தொடங்கியது. அதோடு ஒரு நம்பிக்கையும் போயிற்று: "இதற்குத் துப்புரவு அதிகம் தேவையில்லை, தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்!" தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் இரும்பு! நம் ஊரில் கண் திறந்த சாமி சிலைக்கும் இதற்கும் வேறுபாடு என்ன? விளைவு என்ன? துடைக்கும் கோலும் தூரிகையும் போதிய அளவில் அனுப்பப்படவில்லை. துடைக்கும் முறையும் பலருக்குக் கற்பிக்கப்படவில்லை.

இன்னும் கேளுங்கள். முதலில் அந்தத் துப்பாக்கி ஒருவகை வெடிமருந்தால் சோதிக்கப்பட்டிருந்தது. 1964இல், தோட்டாவில் இடும் மருந்தை இராணுவம் மாற்றியது. 'பந்து மருந்து' எனத்தக்க உருண்டை மணிகளான புதிய மருந்து, குழலிலும் பொறியிலும் கரியை மிகுதியாகப் படியவிட்டது. துப்பாக்கி சுடும் வேகத்தையும் வகுத்த அளவுக்குமேல் உயர்த்திவிட்டது. இந்த மாற்றத்தைத் தாம் விரும்பவில்லை என்று ஸ்டோனரே பின்னர் விசாரணையில் சொன்னார். அடுத்து, தோட்டா அமரும் அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை. வியத்நாமோ நம் கடற்கரையைப் போலப் புழுங்கும் நாடு. நெல்வயலும் சேறும் மழையும். அறையில் துருப்புள்ளிகள் விழுந்தன. சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு, அந்தச் சொரசொரப்பில் ஒட்டிக்கொண்டு வெளிவர மறுத்தது. கூடு வெளிவராவிட்டால் அடுத்த தோட்டா உள்ளே போகாது. முன்வாயிலிலிருந்து ஒரு கோலை விட்டுக் குத்தித் தள்ள வேண்டும். கோல் எங்கே? அதைத்தான் பலருக்குக் கொடுக்கவில்லையே!

1967இன் வேனிலில் கே சான் பகுதிக் குன்றுகளில் கடும்போர் நடந்தது. அங்கிருந்த ஒரு மரீன் வீரர் வீட்டுக்கு எழுதிய கடிதம் செய்தித்தாளுக்குச் சென்றது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் பார்வைக்கும் சென்றது. மாண்டவர்கள் பெரும்பாலோர் பக்கத்தில் அவரவர் துப்பாக்கி கழற்றிப் போடப்பட்டுக் கிடந்தது; சரிசெய்ய முயன்றபடியே இறந்திருந்தனர் என்பது அக்கடிதத்தின் சாரம். எண்ணிப் பாருங்கள்: இருபது வயது இளைஞன், எதிரே குண்டுமழை, கையில் ஊமையாகிவிட்ட இரும்பு, அதன் வயிற்றைத் திறந்து விரலால் தோண்டிக்கொண்டிருக்கிறான். அந்தப் போர் நீதியா என்பது வேறு வழக்கு. வியத்நாமியத் தாய்மார் சிந்திய கண்ணீரை மறந்துவிட்டு நான் இதை எழுதவில்லை. ஆனால் எளிய வீட்டுப் பிள்ளையைப் போர்க்களத்துக்கு அனுப்பிவிட்டு, ஒரு முழக் கோலையும் ஒரு முழத் துணியையும் அனுப்ப மறந்த அதிகாரத்தை என்னவென்பது!

ரிச்சர்டு இக்கார்டு என்னும் உறுப்பினர் தலைமையில் நாடாளுமன்றத் துணைக்குழு விசாரித்தது. 1967 அக்டோபரில் அறிக்கை வந்தது. தோட்டாவின் குறைகளைத் திருத்தாத பொறுப்பாளர்களின் செயல், குற்றம் எனத்தக்க அலட்சியத்தின் எல்லையைத் தொடுகிறது என்று அது கடிந்துரைத்தது. பிறகு எல்லாம் நடந்தன: அறைக்குக் குரோமியப் பூச்சு வந்தது; துப்புரவுக் கருவிகள் வந்தன; பின்னாளில் அடிக்கட்டைக்குள்ளேயே அவற்றை வைக்க அறையும் வந்தது. அந்தப் பழைய லீ என்ஃபீல்டின் அடிக்கட்டையில் இருந்ததே, அதே அறை! பாட்டன் அறிந்ததைப் பேரன் மறந்து, பிணங்களை எண்ணிய பிறகு மீண்டும் கற்றான்.

ஆசிரியன் என்ற முறையில் இந்தக் கதையில் என்னை ஈர்த்த பகுதி ஒன்றுண்டு. தடித்த விளக்கநூலை எந்தச் சிப்பாய் படிப்பான்? ஆகவே 1968இல் வில் ஐஸ்னர் என்ற புகழ்பெற்ற ஓவியரைக்கொண்டு படக்கதைப் புத்தகம் ஒன்றை அமெரிக்க இராணுவம் வெளியிட்டது. எதை எப்படிக் கழற்றுவது, எங்கே எண்ணெய், எங்கே உலர்துணி என்பதெல்லாம் வண்ணப் படங்களில், பேச்சு மொழியில். கற்பவனுக்கு விளங்கும் மொழியில் கற்பிப்பது என்பது இதுதான். ஆயினும் அதில் எனக்கு உடன்பாடில்லாததும் உண்டு. துப்பாக்கியை ஒரு பெண்ணாக உருவகித்து, கவர்ச்சிப் பெண்ணொருத்தியின் வாயால் இரட்டைப் பொருளில் பேசவைத்து, இளைஞர்களைப் படிக்கத் தூண்டினர். பெண்ணைப் பொருளாக்காமல் ஒரு பொருளைப்பற்றிச் சொல்லமுடியாதா? என் பிரிவில் பாதிப்பேர் மாணவிகள். அந்தப் புத்தகத்தின் படங்களைப் பார்த்து நான் வரைந்த வரைபடங்களில் துப்பாக்கி துப்பாக்கியாகவே இருக்கிறது. பாடம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

துடைப்பதைவிட முதன்மையானது ஒன்று உண்டு. துடைக்கத் தொடங்குமுன்பே அது வேண்டும். துப்பாக்கி காலியா என்று பார்ப்பது! துடைக்கும்போது வெடித்து மாண்டோர் கதையை எல்லா நாட்டுச் செய்தித்தாள்களும் எழுதியிருக்கின்றன. எல்லாக் கதையிலும் ஒரே வசனம்: "காலி என்று நினைத்தேன்." நினைத்தாயா, பார்த்தாயா? நம் இயக்கம் ஊர் ஊராகச் சென்று கேட்ட கேள்வியல்லவா இது!

முறை எளிது. எந்தத் துப்பாக்கியும் நிரம்பியதே என்று கொள்ள வேண்டும். முதலில் குழல்வாய் ஆளில்லாத் திசைக்கு. விரல் விசைக்கு வெளியே. அடுத்து மேகசின் என்னும் தோட்டாக்கூட்டைக் கழற்ற வேண்டும். அதன் பிறகுதான் போல்ட்டைப் பின்னிழுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் வந்தது வினை! போல்ட்டை முதலில் இழுத்தால் அறையிலிருந்த தோட்டா வெளியே விழும். "ஆ, எடுத்துவிட்டேன்" என்று மகிழ்ந்து போல்ட்டை முன்தள்ளினால், கூட்டிலிருந்து இன்னொரு தோட்டா அமைதியாக அறைக்குள் ஏறி அமரும். ஒன்றை வெளியேற்றிவிட்டோம் என்ற நம்பிக்கையே இன்னொன்றுக்கு மறைப்பாகிவிடுகிறது. ஆகவே கூட்டைக் கழற்றி, போல்ட்டை இழுத்து, அறைக்குள் கண்ணால் பார்த்து, இருட்டாக இருந்தால் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறும்போது, வாங்குகிறவர் மறுபடியும் பார்க்க வேண்டும். கொடுத்தவர் கர்னலாக இருந்தாலும் பார்க்க வேண்டும். அதில் அவமரியாதை இல்லை. பெரியவர் சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்காதே என்ற நெறியை, ஒரு படை தன் ஒழுங்காகவே வைத்திருக்கிறது என்று கண்டபோது எனக்கு வியப்பே உண்டாயிற்று. கட்டளைக்குக் கீழ்ப்படிவதே படையின் இலக்கணம் என்கிறோம். அந்தப் படையே இந்த ஓரிடத்தில் நம்பாதே என்கிறது!

விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையா? உடனே திறந்து பார்க்கும் ஆவல் எவருக்கும் எழும். திறக்கக்கூடாது. குழலைக் குறிமேட்டை நோக்கியே வைத்துக்கொண்டு 30 நொடியாவது காத்திருக்க வேண்டும். சில வேளை மருந்து மெல்லப் பற்றிப் பின்னர் வெடிப்பதுண்டு.

இனி, என்னை இந்தக் கட்டுரை எழுதவைத்த நிகழ்ச்சிக்கு வருகிறேன். முகாமொன்றில் துப்பாக்கி சுடும் பயிற்சி. வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாளர் கட்டளையிட்டார். தோட்டா ஏற்று என்பதற்கு இந்தியில் 'பர்'. காற்று பலமாக வீசிய திடல். வரிசையில் படுத்திருந்த என் மாணவன் ஒருவனுக்கு அது 'பார்' என்று கேட்டது! எதைப் பார்க்கச் சொல்கிறார் என்று அவன் தலையைத் திருப்பினான். தலையோடு துப்பாக்கியும் திரும்பியது. அதன் வாய் பக்கத்தில் படுத்திருந்த மூன்று பிள்ளைகளின் தலையைக் கடந்து வந்தது. அவில்தார் பாய்ந்து குழலைப் பிடித்து மண்ணோடு அழுத்தினார். அந்தத் துப்பாக்கியில் அப்போது தோட்டா இல்லை. பையன் இன்னும் ஏற்றவில்லை. ஏற்றச் சொன்னதுதான் அவனுக்கு விளங்கவில்லையே!

பயிற்சியாளர் அவனை அறைந்தார். "முட்டாள்" என்றார். அவன் முட்டாளல்லன். எட்டாம் வகுப்பில் கணக்கில் முதல்வன். தமிழ்ப்பிள்ளையின் காதில் தமிழ்ச்சொல் விழுந்தது. அது அவன் குற்றமா? நான் பயிற்சியாளரிடம் சென்று, அறைந்ததற்கு என் எதிர்ப்பைச் சொன்னேன். மறுநாள் சுடும்முன் ஒவ்வொரு கட்டளைக்கும் பொருளைத் தமிழில் சொல்ல அரைமணி நேரம் வேண்டும் என்றும் கேட்டேன். "படையில் மொழிப் பிரச்சினை வேண்டாம்" என்றார். மொழிப் பிரச்சினையைக் கொண்டுவந்தவன் நானா? மூன்று பிள்ளைகளின் தலைக்கு மேலே குழல்வாய் கடந்ததே, அது எந்தப் பிரச்சினை?

வரலாற்று ஆசிரியனுக்குப் பழைய ஏடுகள் நினைவுக்கு வருவது இயல்பு. 1857இல், புதிய என்ஃபீல்டு தோட்டாவில் தடவிய கொழுப்பு எது என்று சிப்பாய்கள் கேட்டனர். இரும்பும் ஈயமும் உராயாமலிருக்கத் தடவும் பூச்சுப்பற்றிய கேள்விதான் அது. நேரே பதில் சொல்ல வேண்டியவர்கள் காலம் கடத்தினர். விரும்பிய பூச்சை நீங்களே தடவிக்கொள்ளுங்கள் என்று சொல்லியபோது ஐயம் தோட்டாவின் காகிதத்துக்கே தாவிவிட்டிருந்தது. மாடு, பன்றி என்ற மதக்கூச்சத்தை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் கீழே நிற்பவன் கேட்ட கேள்விக்கு மேலே இருப்பவன் விளங்கும்படி விடை சொல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டுமா? நமக்கு அண்மையிலும் ஒன்று உண்டு. அப்போது சென்னை மாநிலம் என்று பெயர் கொண்டிருந்த நம் நாட்டின் சட்டமன்றத்தில், 1968 ஜனவரியில் அண்ணாவின் ஆட்சி கொண்டுவந்த மொழித் தீர்மானத்தில், மாணவர் படையில் இந்திக் கட்டளைச் சொற்கள் கூடாது என்பதும் ஒரு கூறு. அதனை உரிமைக் குரல் என்று மட்டும் நாம் படித்திருக்கிறோம். அது பிள்ளைகளின் உயிர்க்காப்புக் குரலும் என்பதை நான் அந்தத் திடலில் கண்டேன்.

இடையே ஒன்று. இந்தியில் கட்டளை பெற்றவர்கள் எல்லாம் பாதுகாப்பாகக் கையாளுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. வட மாநிலங்களில் திருமண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடும் வழக்கம் இருக்கிறது. மேலே போன தோட்டா மேலுலகம் போவதில்லை, கீழேதான் வரும். மணமகனும் மாண்டிருக்கிறான், மாடியில் வேடிக்கை பார்த்த குழந்தையும் மாண்டிருக்கிறது. 2019இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, கொண்டாட்டச் சூட்டுக்கு இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் என்று வகுத்தனர். குடும்பப் பெருமையைக் காட்டத் துப்பாக்கி. சீர்வரிசையைக் காட்டத் தட்டு. இரண்டும் ஒரே நோயின் இரண்டு கொப்புளங்கள்.

அரைமணி நேரம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். அதிகார வழியில் கிடைக்கவில்லை. முகாமின் இரவு உணவுக்குப் பின், விளக்கு அணைக்கச் சங்கு ஊதும்வரை இருந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டோம். ஒரு பக்கம் கட்டளையின் ஒலி, மறுபக்கம் தமிழ்ப்பொருள். 'பர்' என்றால் ஏற்று. 'காலி கர்' என்றால் வெறுமையாக்கு. 'காலி' நமக்கும் பழகிய சொல்தான் என்று பிள்ளைகள் சிரித்தனர். அறை வாங்கிய மாணவனே முன்னின்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். எந்தக் கட்டளை விளங்காவிட்டாலும் தலையைத் திருப்பாதே, குழலைத் திருப்பாதே, விரலை வெளியே வைத்துக்கொண்டு இடக்கையை உயர்த்து என்பது அவர்களே வகுத்துக்கொண்ட விதி. அதை எந்தக் கையேட்டிலிருந்தும் நான் எடுக்கவில்லை. மறுநாள் இரண்டு கைகள் உயர்ந்தன. பயிற்சியாளர் முகம் சுளித்தார். ஆயினும் நின்று, மறுபடி சொன்னார்.

இப்போது அந்த அட்டவணையையும், துடைக்கும் முறையின் வரைபடங்களையும் ஒரே தாளில் எழுதிப் பெரிதாக்கியிருக்கிறோம். எழுத்து மாணவிகளுடையது, அவில்தார் இரண்டு இடங்களில் திருத்தினார். கொட்டடிச் சுவரில் ஒட்டவும், மற்றப் பள்ளிப் பிரிவுகளுக்கு அனுப்பவும் இசைவு கேட்டு மேலிடத்துக்கு எழுதி நான்கு மாதம் ஆகிறது. விடை வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் இரண்டு போயிருக்கிறது. மூன்றாவதை இந்த வாரம் அனுப்புகிறேன். அதுவரை தாள் என் வகுப்பறையில் அசோகர் கல்வெட்டுப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வேறு பள்ளிகளில் இந்தப் பொறுப்பில் இருக்கும் தோழர்கள் எவரேனும் படியெடுத்துக்கொள்ள விரும்பினால் வரலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பள்ளியில்தான் இருப்பேன்.